வரியின் அளவும் வரியிடும் அதிகாரமும்: அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் பிரிட்டிஷ் பேரரசுக்கும் இடையே முரண் முற்றிய வரலாறு (1763–1776)

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் 1776இல் விடுதலையை அறிவித்தன. அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் அவற்றுக்கும் பிரிட்டனுக்கும் இடையே முற்றிய முரண்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. வரிச்சுமையே விடுதலைப் போருக்குக் காரணம் என்னும் பரவலான கருத்து மறு ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரியின் அளவில் பலமுறை இறங்கி வந்தது; வரியிடும் அதிகாரத்தில் ஒருமுறையும் இறங்கி வரவில்லை. குடியேறிகளும் தொகையைப் பொருட்படுத்தாது அதிகாரத்தையே எதிர்த்தனர். பிரதிநிதித்துவம், இறைமை ஆகிய இரு கருத்தாக்கங்களை இருதரப்பினரும் வெவ்வேறு பொருளில் ஆண்டமையே சமரசத்தை அரிதாக்கியது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குடியேற்றம், பிரதிநிதித்துவம், இறைமை, முத்திரைத்தாள் சட்டம், தேயிலைச் சட்டம், கிழக்கிந்தியக் கும்பினி.

முன்னுரை

‘காலனி’ என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் அயலார் வென்று ஆண்ட நாட்டைக் குறிக்கிறது. சென்னை மாகாணத்தின் பட்டறிவே அப்பொருளுக்கு அடிப்படை. பதினெட்டாம் நூற்றாண்டு வட அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லை அப்படியே ஆள்வது குழப்பத்தை உண்டாக்கும். அங்கே பேரரசோடு முரண்பட்டவர்கள் வெல்லப்பட்ட மண்ணின் மைந்தர்கள் அல்லர். பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து சென்று குடியேறியவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். தம்மை ஆங்கிலேயர் என்றே கருதிய அவர்கள், ஆங்கிலேயருக்குரிய உரிமைகள் தமக்கு மறுக்கப்படுவதாகவே முறையிட்டனர். ஆகவே இக்கட்டுரையில் ‘குடியேற்றம்’, ‘குடியேறிகள்’ என்னும் சொற்கள் ஆளப்படுகின்றன.

இம்முரண்பாட்டின் காரணங்களைப் பற்றி ஆய்வாளரிடையே நெடுநாளைய விவாதம் உண்டு. வணிகரின் பொருளியல் நலன்களை 1918இல் வெளிவந்த தம் நூலில் ஆர்தர் ஷிலெசிங்கர் முதன்மைப்படுத்தினார். அக்காலத் துண்டறிக்கைகளை ஆராய்ந்த பெர்னார்டு பெய்லின், 1967இல் வெளியிட்ட நூலில் அரசியல் கருத்துகளின் வலிமையை முன்வைத்தார். வரிச் சட்டங்களின் வரலாற்றை வரிசைப்படக் காணும்போது, பொருளியல் நலனும் அரசியல் கருத்தும் ஒரே வினாவில் வந்து கூடுவதைக் காணலாம். ஒரு மக்களின் பணத்தை எடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே அவ்வினா.

1. முரண்பாட்டுக்கு முந்தைய நிலை

வர்ஜீனியாவில் 1619இல் முதற் பேரவை கூடியது. அதன்பின் தோன்றிய குடியேற்றங்களிலும் காலப்போக்கில் மக்கள் தேர்ந்தெடுத்த பேரவைகள் அமைந்தன. பெரும்பாலான குடியேற்றங்களில் ஆளுநரை அரசரோ நில உரிமையாளரோ அமர்த்தினர். ஆயினும் உள்நாட்டு வரியை விதிப்பதும் செலவுக்கு ஒப்புதல் அளிப்பதும் பேரவையின் கையில் இருந்தன. பல இடங்களில் ஆளுநரின் ஊதியமே பேரவையின் ஒப்புதலை நம்பியிருந்தது. இதனால் ஆளுநரின் அதிகாரம் ஏட்டில் பெரிதாகவும் நடைமுறையில் சிறிதாகவும் இருந்தது.

கடல் வணிகத்தைப் பிரிட்டன் தன் கப்பற் சட்டங்களால் நெறிப்படுத்தியது. குறிப்பிட்ட சில பொருள்களைப் பிரிட்டனுக்கே அனுப்ப வேண்டும், வணிகத்துக்குப் பேரரசின் கப்பல்களையே பயன்படுத்த வேண்டும் என அவை விதித்தன. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் கரும்புப்பாகுக்கு 1733ஆம் ஆண்டுச் சட்டம் காலன் ஒன்றுக்கு 6 பென்ஸ் தீர்வை விதித்தது. நியூ இங்கிலாந்து வணிகர்கள் அதனைச் செலுத்துவதைவிடச் சுங்க அலுவலருக்குக் கையூட்டு அளிப்பதையே எளிதாகக் கண்டனர். அரசும் அதனைக் கண்டுகொள்ளவில்லை. இந்நெடுங்கால நெகிழ்ச்சியைக் குடியேறிகள் தம் உரிமையாகவே எண்ணப் பழகினர். லண்டனோ அதனைத் தன் சலுகையாகக் கருதியது. எழுதப்படாத இவ்வேறுபாடு 1763 வரை வெளிப்படையான மோதலாக மாறவில்லை.

2. வெற்றி தந்த கடன்

ஏழாண்டுப் போர் (1756–1763) பல கண்டங்களில் நடந்த போராகும். வந்தவாசியில் 1760இல் பிரெஞ்சுப் படை தோற்றதும், அடுத்த ஆண்டு புதுச்சேரி வீழ்ந்ததும், கனடா பிரிட்டன் வசமானதும் அப்போரின் நிகழ்வுகளே. 1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை, வட அமெரிக்க நிலப்பரப்பில் பிரெஞ்சு அதிகாரத்துக்கு முடிவு கட்டியது.

அவ்வெற்றிக்குப் பிரிட்டன் கொடுத்த விலை பெரிது. போருக்கு முன் ஏறக்குறைய 7.5 கோடி பவுண்டாக இருந்த நாட்டுக் கடன் 13 கோடி பவுண்டை நெருங்கியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 வீரர்களை நிலையாக நிறுத்தவும் அரசு முடிவு செய்தது. குடியேறிகளின் பாதுகாப்புக்காகவே இப்படை என்றும், ஆகவே செலவில் ஒரு பகுதியை அவர்கள் ஏற்பதே முறை என்றும் தலைமை அமைச்சர் ஜார்ஜ் கிரென்வில் கருதினார். பிரிட்டனின் நிலக்கிழார்கள் செலுத்திய வரியோடு ஒப்பிட, குடியேறிகள் செலுத்தியது மிகக் குறைவு என்பது உண்மையே.

குடியேறிகள் இதனை வேறு கோணத்தில் கண்டனர். அஞ்சத்தக்க பிரெஞ்சுப் பகை நீங்கிய பிறகு படை எதற்கு என்பது அவர்கள் ஐயம். 1763 அக்டோபர் 7இல் வெளிவந்த அரச ஆணை, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடை செய்தது. பாண்டியாக் தலைமையில் தொல்குடியினர் தொடுத்த போரின் பின்னணியில், மேலும் மோதல் நேராமல் தடுப்பதே அரசின் நோக்கம். மேற்கு நிலங்களில் முதலீடு செய்திருந்தோரும் நிலம் தேடிய உழவரும் அந்த ஆணையைத் தம் முன்னேற்றத்துக்கு இட்ட தடையாகவே கொண்டனர். போரில் ஒன்றுபட்டு வென்றவர்கள், வெற்றியின் பயனைப் பங்கிடும்போது பிரிந்தனர்.

3. இரு சட்டங்கள்: சர்க்கரையும் முத்திரைத்தாளும்

1764ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம் கரும்புப்பாகின் தீர்வையை 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. எனினும் அதற்கு எழுந்த எதிர்ப்பு, பழைய சட்டத்துக்கு எழுந்ததைவிடப் பெரிது. பழைய தீர்வை வசூலிக்கப்படவில்லை. புதிய தீர்வை வசூலிக்கப்படுவதற்காகவே விதிக்கப்பட்டது. வருவாய் திரட்டுதலே நோக்கம் எனச் சட்டத்தின் முகப்புரையே கூறியது. கடத்தல் வழக்குகளை ஜூரியின்றி ஒரே நீதிபதி விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றங்களுக்குக் கொண்டுசெல்லவும் வழிவகை செய்யப்பட்டது. உள்ளூர் ஜூரிகள் கடத்தல்காரரைத் தண்டிக்கத் தயங்கினர் என்பது அரசின் நியாயம். தன் அயலாரால் விசாரிக்கப்படும் உரிமை ஆங்கிலேயர் அனைவருக்கும் பொது என்பது குடியேறிகளின் மறுமொழி.

1765 மார்ச் 22இல் அரசரின் ஒப்புதல் பெற்ற முத்திரைத்தாள் சட்டம் எதிர்ப்பைத் துறைமுகங்களிலிருந்து ஊர்தோறும் பரப்பியது. நீதிமன்ற ஆவணம், நிலப்பத்திரம், உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, பகடை ஆகிய அனைத்துக்கும் முத்திரை கட்டாயமாயிற்று. பிரிட்டனில் இத்தகைய வரி 1694 முதல் இருந்தது. அமெரிக்காவுக்கு விதிக்கப்பட்ட வீதம் பொதுவாக அதனினும் குறைவு. ஆயினும் இவ்வரி வழக்கறிஞர், அச்சிடுவோர், வணிகர் ஆகியோரை ஒரே நேரத்தில் தாக்கியது. சமூகத்தில் எழுத்தாற்றலும் பேச்சாற்றலும் மிக்க பிரிவினர் அனைவரும் ஒருங்கே எதிரணியில் நின்றனர்.

வர்ஜீனியப் பேரவையில் மே இறுதியில் பேட்ரிக் ஹென்றி கொண்டுவந்த தீர்மானங்கள் பிற குடியேற்றங்களின் செய்தித்தாள்களில் பரவின. ஆகஸ்ட் 14இல் பாஸ்டன் நகரில் முத்திரை அலுவலர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி மரத்தில் தொங்கவிடப்பட்டது. பன்னிரு நாள்களுக்குப் பின் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு சூறையாடப்பட்டது. அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் கூடித் தம் உரிமைகளையும் குறைகளையும் அறிக்கையாக்கினர். நவம்பர் முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், முத்திரைத்தாள் வழங்க வேண்டிய அலுவலருள் பெரும்பாலோர் பதவி விலகியிருந்தனர்.

4. ஒரு சொல், இரு பொருள்

இந்நெருக்கடியில்தான் ‘பிரதிநிதித்துவம்’ என்னும் சொல்லின் பொருள் பிளவுபட்டது. வரிக்கு மக்களின் ஒப்புதல் வேண்டும் என்பதை எத்தரப்பும் மறுக்கவில்லை. அரசர் தம் விருப்பப்படி வரியிட முடியாது என்பதை 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் நிலைநாட்டியிருந்தது. அவ்வொப்புதலை அளிக்கத்தக்கவர் யார் என்பதில்தான் கருத்து மாறுபட்டது.

கிரென்வில்லின் உதவியாளர் தாமஸ் வேட்லி, கருத்தளவிலான பிரதிநிதித்துவம் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மைத் தேர்ந்தெடுத்த தொகுதிக்கு மட்டும் உரியவர் அல்லர். பேரரசின் குடிகள் அனைவருக்கும் உரியவர் என்பது அதன் சாரம். மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற வளரும் நகரங்களுக்கும் தனி உறுப்பினர் இல்லை. ஆயினும் அவை வரி செலுத்துகின்றன. அமெரிக்கக் குடியேறியின் நிலையும் அத்தகையதே என்பது அவர் வாதம்.

மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி 1765இல் இதனை மறுத்தார். மான்செஸ்டரில் வாக்கற்றவர் மீது விதிக்கும் வரி, வாக்குள்ளவர் மீதும் விதிக்கும் உறுப்பினர் மீதும் விழும். எனவே அங்கே நலன்கள் பின்னிக்கிடக்கின்றன. அமெரிக்கர் மீது விதிக்கும் வரியோ பிரிட்டனில் உள்ளோரின் சுமையைக் குறைக்கும். ஒருவரின் சுமை மற்றவருக்கு இலாபமாகும் இடத்தில், அவர் இவருக்குப் பிரதிநிதியாதல் எவ்வாறு என்பது டுலானியின் வினா. அவ்வினா சட்ட நுணுக்கத்தைக் கடந்து எளிய மனிதருக்கும் விளங்கியது.

இரு கொள்கைகளும் ஒவ்வொரு நாட்டின் நடைமுறையிலிருந்து பிறந்தவை. ஏறத்தாழ மக்களற்றுப்போன பழைய சாரம் என்னும் தொகுதி பிரிட்டனில் இரு உறுப்பினரை அனுப்பி வந்தது. அங்கே பிரதிநிதித்துவம் இடத்தோடும் மக்கள் தொகையோடும் பொருந்த வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இல்லை. அமெரிக்காவில் நிலம் வைத்திருந்தோர் பலராதலின் வாக்குரிமை வெள்ளையின ஆடவரிடையே பரவலாக இருந்தது. மாசசூசெட்ஸ் ஊர்கள் தம் உறுப்பினருக்கு எழுத்தில் அறிவுறுத்தல் வழங்குவதும் வழக்கம். அவர்களுக்குப் பிரதிநிதி என்பவர் தம் ஊரார் அறிந்த, ஊராருக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட மனிதர்.

5. பின்வாங்கலும் அறிவிப்பும்

வணிகப் புறக்கணிப்பால் பிரிட்டிஷ் வணிகர்கள் இழப்புக்கு உள்ளாயினர். சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு அவர்களே வேண்டினர். 1766 பிப்ரவரியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மக்களவையில் நிறுத்தி வினவப்பட்டார். மார்ச் 18இல் முத்திரைத்தாள் சட்டம் நீக்கப்பட்டது. அமெரிக்க நகரங்கள் கொண்டாடின.

அதே நாளில் அறிவிப்புச் சட்டமும் நிறைவேறியது. குடியேற்றங்கள் எவ்வகைப் பொருளிலும் கட்டுப்படும்படி சட்டம் இயற்றும் முழு அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என அது கூறியது. அயர்லாந்தைக் குறித்து 1720இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு முன்மாதிரி. வருவாயை விட்டுக்கொடுத்து அதிகாரத்தை உறுதிப்படுத்திய இந்த இரட்டை நடவடிக்கையே, அடுத்த பத்தாண்டுகளின் போக்கை முன்கூட்டியே காட்டுகிறது.

நாடாளுமன்றத்தின் பிடிவாதத்தை வெறும் செருக்கு எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஓர் அரசில் உச்ச அதிகாரம் ஒன்றாகவே இருக்க வேண்டும், அது பகுக்கப்படாதது என்பது அக்காலச் சட்ட அறிஞரின் பொதுக்கருத்து. வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765இல் வெளியிட்ட உரைநூலின் முதல் தொகுதி அதனைத் திட்டவட்டமாக உரைத்தது. மேலும், அரசரின் தன்னாட்சிக்கு எதிராக 1688–89இல் நாடாளுமன்றம் வென்ற மேலாண்மையே ஆங்கிலேயரின் உரிமைக்கு அரண் என அவர்கள் நம்பினர். வரியிடும் அதிகாரத்தை ஓரிடத்தில் துறந்தால் அவ்வரண் முழுதும் தளரும் என அஞ்சினர். ஆக, அதே புரட்சியின் மரபிலிருந்து ஒருவர் மேலாண்மையையும் மற்றவர் ஒப்புதலையும் பெற்றுக்கொண்டனர்.

6. டவுன்ஷெண்ட் தீர்வைகளும் பாஸ்டனில் படையும்

உள்நாட்டு வரியையே குடியேறிகள் எதிர்க்கின்றனர், துறைமுகத் தீர்வையை ஏற்பர் என்னும் கருத்து ஃபிராங்க்ளினின் விடைகளால் வலுப்பெற்றிருந்தது. நிதி அமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் அதனைப் பற்றிக்கொண்டு 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குத் தீர்வை விதித்தார். அவ்வருவாயிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஊதியம் வழங்குவது திட்டம். பேரவைகளின் கையிலிருந்த ஒரே கடிவாளத்தை இது அறுத்துவிடும் என்பதைக் குடியேறிகள் உடனே உணர்ந்தனர். வரித்தொகையைவிட அதனைச் செலவிடும் முறையே இங்கே பெரும் அச்சத்தை விளைவித்தது.

பென்சில்வேனிய உழவர் ஒருவரின் மடல்கள் என்னும் புனைவில் ஜான் டிக்கின்சன் 1767–68இல் எழுதிய பன்னிரு கடிதங்கள் இவ்வச்சத்துக்குத் தெளிவான வடிவம் தந்தன. வணிகத்தை நெறிப்படுத்தும் தீர்வை வேறு, வருவாய்க்காக விதிக்கும் தீர்வை வேறு. முன்னதற்கு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பின்னதற்கு இல்லை என அவர் வரையறுத்தார். பிற குடியேற்றங்களுக்கு மாசசூசெட்ஸ் பேரவை அனுப்பிய சுற்றுமடலைத் திரும்பப் பெறுமாறு லண்டன் ஆணையிட்டது. அப்பேரவை 92க்கு 17 என்னும் வாக்கில் மறுத்துக் கலைக்கப்பட்டது.

1768 அக்டோபர் முதல் நாள் பாஸ்டனில் பிரிட்டிஷ் படை இறங்கியது. ஏறக்குறைய 16,000 மக்கள் வாழ்ந்த நகரில், அமைதிக் காலத்தில் நிறுத்தப்பட்ட படை நாள்தோறும் உரசலுக்குக் காரணமாயிற்று. ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு உழைக்க வந்த படைவீரரை உள்ளூர்த் தொழிலாளர் வெறுத்தனர். 1770 மார்ச் 5 இரவு சுங்க இல்லத்தின் முன் திரண்ட கூட்டத்தின்மீது வீரர்கள் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். வீரர்களுக்காக வழக்காட முன்வந்தவர் பின்னாளில் விடுதலை இயக்கத்தின் தலைவருள் ஒருவரான ஜான் ஆடம்ஸ். படைத்தலைவர் பிரெஸ்டனும் ஆறு வீரர்களும் விடுவிக்கப்பட்டனர். இருவர் மட்டும் கொலையாகாத மனிதப்படுகொலைக் குற்றத்துக்கு உள்ளாயினர். உள்ளூர் ஜூரியின் நடுநிலையை இத்தீர்ப்பு மெய்ப்பித்தது.

அதே மார்ச் 5இல், இச்செய்தியை அறியாத லண்டனில், தலைமை அமைச்சர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் தீர்வைகளை நீக்க முன்மொழிந்தார். தேயிலைத் தீர்வை மட்டும் விலக்காக வைக்கப்பட்டது. அதனை வைத்திருப்பது என்னும் முடிவு முந்தைய ஆண்டு அமைச்சரவையில் 5க்கு 4 என்னும் வாக்கில் எடுக்கப்பட்டிருந்தது. அதிகாரத்தின் அடையாளமாக ஒரு தீர்வையேனும் இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம்.

7. தேயிலையின் வழி: வங்காளமும் கர்நாடகமும் பாஸ்டனும்

மூன்றாண்டுகள் ஓரளவு அமைதியாகக் கழிந்த பின் முரண்பாட்டை மீண்டும் மூட்டிய காரணம் ஆசியாவில் தோன்றியது. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்ற கிழக்கிந்தியக் கும்பினி, 1767 முதல் பிரிட்டிஷ் கருவூலத்துக்கு ஆண்டுதோறும் 4 இலட்சம் பவுண்டு செலுத்த உடன்பட்டது. வருவாய் பெருகும் என்னும் நம்பிக்கையில் அதன் பங்குகள் விலையேறின. ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் புகுந்த செய்தி 1769இல் லண்டனை எட்டியதும் அப்பங்குகள் சரிந்தன. தொடர்ந்து வங்காளத்தில் நேர்ந்த கொடும்பஞ்சம் பெருந்தொகையான மக்களைப் பலிகொண்டது. படைச் செலவும் நிர்வாகச் சீர்கேடும் கூடி, 1772இல் கும்பினி தன் கடன்களை அடைக்க இயலாத நிலையை அடைந்தது. அதன் கிடங்குகளில் ஏறக்குறைய 1.7 கோடி இராத்தல் தேயிலை விற்காமல் தேங்கியிருந்தது. அத்தேயிலை சீனத்தின் கான்டன் துறைமுகத்திலிருந்து வந்தது.

1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் கும்பினியைக் காப்பதற்கே இயற்றப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பும் தேயிலைக்குப் பிரிட்டனில் செலுத்திய தீர்வை முழுதும் திருப்பித் தரப்படும்; லண்டன் ஏலத்தைத் தவிர்த்துத் தேர்ந்தெடுத்த முகவர் வழியே கும்பினி நேரடியாக விற்கலாம். இதனால் தேயிலையின் விலை குறையும். எனினும் இராத்தலுக்கு 3 பென்ஸ் என்னும் டவுன்ஷெண்ட் தீர்வை அப்படியே இருந்தது. அதனை நீக்காவிடில் அமெரிக்கர் தேயிலையை வாங்கார் என உறுப்பினர் வில்லியம் டவுடெஸ்வெல் மக்களவையில் எச்சரித்தார். நார்த் பிரபு இசையவில்லை.

மலிவான தேயிலை மறுக்கப்பட்டது. டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றோருக்கும், முகவராகத் தேர்வு பெறாத வணிகருக்கும் இதில் தன்னலம் இருந்தது என்பது மறைக்கத்தக்கதன்று. ஆனால் அவர்கள் நலன் மட்டுமே ஒரு நகரத்தைத் திரட்டியிருக்க இயலாது. மலிவான தேயிலையை வாங்கினால் தீர்வையையும் அதன்வழி நாடாளுமன்ற அதிகாரத்தையும் ஏற்றதாகிவிடும் என்னும் எண்ணம் பரவியது. கும்பினியின் நடத்தையும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. வங்காளப் பஞ்சத்தில் அதன் பங்கைச் சுட்டி, அத்தகைய தனியுரிமை நிறுவனம் அமெரிக்காவில் காலூன்றக் கூடாது என 1773 நவம்பரில் டிக்கின்சன் எழுதினார். கங்கைக்கரைத் துயரம் அமெரிக்க அரசியல் வாதத்தில் சான்றாயிற்று.

ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூயார்க்குக்கும் சென்ற கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பாஸ்டனில் ஆளுநராகியிருந்த ஹட்சின்சன், தீர்வை செலுத்தாமல் கப்பல் வெளியேற இசைவளிக்கவில்லை. அவர் மைந்தர் இருவரும் முகவராக அமைந்திருந்தனர். தீர்வை செலுத்தும் கெடு முடியும் தறுவாயில், 1773 டிசம்பர் 16 இரவு, மோஹாக் தொல்குடியினரைப் போல வேடம் பூண்டோர் மூன்று கப்பல்களில் ஏறி ஏறத்தாழ 340 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். கும்பினி கணக்கிட்ட இழப்பு 9,659 பவுண்டு.

8. தண்டனையும் ஒன்றிணைவும்

1774இல் நாடாளுமன்றம் அடுத்தடுத்து நான்கு சட்டங்களை இயற்றியது. தேயிலையின் விலை ஈடுசெய்யப்படும் வரை பாஸ்டன் துறைமுகம் ஜூன் முதல் நாள் தொடங்கி மூடப்பட்டது. மாசசூசெட்ஸ் மேலவை உறுப்பினரை இனி அரசரே அமர்த்துவார். ஆளுநர் இசைவின்றி ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. குற்றம் சாட்டப்பட்ட அலுவலரின் விசாரணையை வேறிடத்துக்கு மாற்றலாம். படைக்கு இடவசதி செய்துதர வேண்டும். படைத்தளபதி தாமஸ் கேஜ் ஆளுநரானார்.

பாஸ்டனைத் தனிமைப்படுத்துவது இச்சட்டங்களின் நோக்கம். விளைவு நேர்மாறாயிற்று. தேயிலையை அழித்ததை ஏற்காதோர்கூட, ஒரு குடியேற்றத்தின் அமைப்புப் பட்டயத்தை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தால் மாற்ற முடியுமெனில் எக்குடியேற்றமும் பாதுகாப்பானதன்று என உணர்ந்தனர். பிற பகுதிகளிலிருந்து அரிசியும் தானியமும் ஆடுகளும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தன. செப்டம்பர் 5இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரு குடியேற்றங்களின் பேராளர்கள் காங்கிரசாகக் கூடினர்.

அக்கூட்டத்தில் விடுதலை பேசப்படவில்லை. பேரவைகள் தேர்ந்தெடுக்கும் ஒரு பொது அமெரிக்க அவையை நாடாளுமன்றத்தோடு இணைத்துச் செயல்படச் செய்யும் திட்டத்தை ஜோசப் கேலோவே முன்வைத்தார். அது ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் ஒத்திவைக்கப்பட்டது. சமரசத்துக்கான இடம் அப்போதும் எஞ்சியிருந்தது என்பதற்கு இதுவே சான்று. டிசம்பர் முதல் பிரிட்டிஷ் பொருள்களை இறக்குமதி செய்வதில்லை என்னும் உடன்பாடும், அதனைக் கண்காணிக்க ஊர்தோறும் குழுக்களும் தோன்றின. அக்குழுக்கள் காலப்போக்கில் ஆட்சி அதிகாரத்தையே கையாளத் தொடங்கின.

9. நாடாளுமன்றத்திலிருந்து அரசரை நோக்கி

குடியேறிகளின் அரசியல் கோட்பாடு பத்தாண்டுகளில் மூன்று படிகளைக் கடந்தது. முதலில் உள்நாட்டு வரியை மறுத்தனர்; அடுத்து வருவாய்க்கான எத்தீர்வையையும் மறுத்தனர்; 1774இல் தாமஸ் ஜெஃபர்சன், ஜேம்ஸ் வில்சன் ஆகியோர் நாடாளுமன்றத்துக்குக் குடியேற்றங்களின்மீது எவ்வதிகாரமும் இல்லை என எழுதினர். இறைமை பகுக்கப்படாதது என்னும் பிரிட்டிஷ் கோட்பாடே அவர்களை இவ்விடத்துக்குத் தள்ளியது எனலாம். முழுமையாக ஏற்க வேண்டும், அன்றேல் முழுமையாக மறுக்க வேண்டும் என்னும் நிலையில் அவர்கள் மறுப்பைத் தேர்ந்தனர். எஞ்சிய ஒரே பிணைப்பு அரசர் மூன்றாம் ஜார்ஜ்.

1775 பிப்ரவரியில் நார்த் பிரபு ஒரு சமரச முன்மொழிவை வைத்தார். பாதுகாப்புக்குரிய பங்கைத் தானே திரட்டித்தரும் குடியேற்றத்துக்கு நாடாளுமன்றம் வரி விதிக்காது என்றார். அதிகாரம் துறக்கப்படவில்லை, பயன்படுத்தப்படாமல் வைக்கப்படும் என்பதே அதன் பொருள். மார்ச் 22இல் எட்மண்ட் பர்க் உரிமை வாதத்தையே ஒதுக்கிவைத்து, குடியேற்றப் பேரவைகள் மனமுவந்து அளிக்கும் கொடையை நம்புமாறு மக்களவையை வேண்டினார். அவர் தீர்மானங்கள் தோற்றன. ஏப்ரல் 19இல் லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் குருதி சிந்தியது. ஜூலையில் காங்கிரஸ் அரசருக்கு அனுப்பிய இறுதி விண்ணப்பத்துக்கு விடை வரவில்லை. ஆகஸ்ட் 23இல் குடியேறிகளைக் கலகக்காரர் என அரச ஆணை அறிவித்தது. 1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் வெளியிட்ட சிறுநூல், அரசர்மீதும் அரசாட்சிமீதும் எஞ்சியிருந்த பற்றை எளிய மொழியில் தகர்த்தது.

1776 ஜூலை 4இல் ஏற்கப்பட்ட விடுதலை அறிக்கையில் ‘நாடாளுமன்றம்’ என்னும் சொல்லே இல்லை. அரசர்மீது சாட்டப்பட்ட 27 குற்றச்சாட்டுகளில் ஒப்புதலின்றி வரி விதித்தமை ஒன்றே ஒன்று. பேரவைகளைக் கலைத்தல், நீதிபதிகளைத் தம் ஊதியத்துக்கு அரசரையே நம்பியிருக்கச் செய்தல், அமைதிக்காலப் படை, ஜூரி விசாரணை மறுப்பு, பட்டயங்களை மாற்றுதல் ஆகியன ஏனையவற்றுள் அடங்கும். வரி என்பது ஒரு பெரும் வினாவின் வாயிலாகவே இருந்தது என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது.

10. உரிமைக்குரலின் எல்லை

தம்மை அடிமையாக்க முயல்வதாகப் பிரிட்டனைச் சாடியோர் பலர் அடிமைகளை உடையவராக இருந்தனர். அக்காலக் குடியேற்ற மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை. இம்முரணை 1775இல் சாமுவேல் ஜான்சன் தம் துண்டறிக்கையில் எள்ளினார். ஜான்சனுக்கு முன்னரே, 1773–74இல், மாசசூசெட்ஸ் அடிமைகள் அதே உரிமை மொழியில் தம் விடுதலையை வேண்டிப் பேரவைக்கு விண்ணப்பித்திருந்தனர். பாஸ்டன் துப்பாக்கிச் சூட்டில் இறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, தொல்குடி மரபினர். அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பகுதி விடுதலை அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. தொல்குடியினரோ அவ்வறிக்கையில் கொடியோராகவே சித்திரிக்கப்பட்டனர். ஒப்புதலின்றி ஆளப்படாமை என்னும் கொள்கையை வகுத்தவர்கள் அதனைத் தமக்குக் கீழிருந்தோருக்கு நீட்டவில்லை. ஆயினும் வகுத்தபின் அக்கொள்கை அவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

முடிவுரை

1764இல் தீர்வை பாதியாகக் குறைந்தது. 1766இல் முத்திரை வரி நீங்கியது. 1770இல் ஐந்து தீர்வைகளுள் நான்கு நீங்கின. 1773இல் தேயிலை மலிவாயிற்று. ஒவ்வொரு முறையும் சுமை குறைந்தது. ஒவ்வொரு முறையும் பிணக்கு மிகுந்தது. வரிச்சுமையைக் காரணமாகக் கொள்ளும் விளக்கத்தால் இதனைப் புரிந்துகொள்ள இயலாது. அதிகாரத்தின் உரிமையாளர் யார் என்னும் வினாவைக் கொண்டு நோக்கும்போதே நிகழ்வுகள் ஒரு தொடராகின்றன.

1778இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வருவாய்க்காக அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது வரி விதிப்பதில்லை எனத் தானே ஒரு சட்டம் இயற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடைத்திருந்தால் பெரும்பாலான குடியேறிகளை நிறைவுறச் செய்திருக்கக்கூடிய அச்சலுகை, போர் மூண்டு மூன்றாண்டுகள் கழித்து வந்தது. காங்கிரஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. பேரரசின் கவனம் பின்னர் கிழக்கே திரும்பியது. அமெரிக்கருக்காக வாதிட்ட பர்க் 1785இல் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அதே மக்களவையில் பேசினார். யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ் 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். அங்கே அவரை எதிர்கொள்ள, வரிக்கு ஒப்புதல் அளிக்கும் பேரவை எதுவும் இல்லை. அமெரிக்காவில் எழுந்த வினா இந்திய மண்ணில் விடையின்றி நெடுநாள் காத்திருந்தது.